விவசாயத் தொழில்நுட்பம் பசியைக் குறைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுப் பாதுகாப்பு என்றால் கலப்படம் இல்லாத உணவு என்பதுதானே?

தமிழில் இந்த ஒரு சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். கலப்படமோ, கிருமியோ, பூச்சிமருந்து எச்சமோ இல்லாத உணவையும் இது குறிக்கும். எல்லோருக்கும் எந்த நாளும் போதிய சாப்பாடு கிடைப்பதையும் இதே சொல்லால்தான் சொல்கிறோம். இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது.

1996-ல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. அதையொட்டி நான்கு விஷயங்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது: உணவு இருக்க வேண்டும், அதை வாங்கவோ விளைவிக்கவோ மக்களால் முடிய வேண்டும், சாப்பிட்டது உடம்பில் ஒட்ட வேண்டும், இந்த மூன்றும் நடுவில் அறுந்துபோகக் கூடாது. விவசாயத் தொழில்நுட்பம் என்றதும் பலரும் முதலாவதை மட்டும் நினைக்கிறார்கள். மற்ற மூன்றிலும் அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

உலகத்தில் விளைவது எல்லோருக்கும் போதவில்லையா?

மொத்தமாகக் கணக்குப் போட்டால் போதும். ஆனாலும் ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2024-ல் சுமார் 67.3 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். சத்தான சாப்பாட்டை வாங்க வசதியில்லாதவர்கள் சுமார் 260 கோடி. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், விளைச்சல் குறைந்ததை மட்டும் வைத்து அத்தனை சாவுகளை விளக்க முடியாது என்று காட்டினார். விலை ஏறியபோது கூலி வேலை செய்தவர்களின் வாங்கும் சக்தி நொறுங்கிப்போனதுதான் பெரிய காரணம் என்பது அவர் வாதம்.

அப்படியானால் விளைச்சலைப் பற்றி ஏன் பேச வேண்டும்? உலகில் பசியோடு இருப்பவர்களில் பெரும்பகுதியினர் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஏராளமானோர் விவசாயிகள், இல்லாவிட்டால் விவசாயக் கூலிகள். அவர்களுக்கு வயலில் விளைவதுதான் சாப்பாடு, அதுவேதான் வருமானமும். எங்கோ ஒரு பெரிய பண்ணையில் பத்து மூட்டை கூடுதலாக விளைவதைவிட, இவர்கள் வயலில் ஒரு மூட்டை கூடுதலாக விளைந்தால் பசி அதிகம் குறையும்.

நவீனத் தொழில்நுட்பம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

ட்ரோனும் செயற்கைக்கோளும் இதில் வரும். புதிய விதை, சொட்டுநீர்க் குழாய், ஈரப்பதம் அளக்கும் கருவி, காற்றுப் புகாத சாக்கு, செல்போனில் வரும் மழைச் செய்தி எல்லாமும் வரும். விலை உயர்ந்ததும் மின்சாரத்தில் ஓடுவதும் மட்டுமே தொழில்நுட்பம் என்று வைத்துக்கொண்டால் மிகவும் பயனுள்ளவை கண்ணிலேயே படாது.

பசுமைப் புரட்சி வந்தபோதும் இப்படித்தானே சொன்னார்கள்? அதில் என்ன கற்றோம்?

நல்ல கேள்வி. அதற்கு முந்தைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். காற்றில் உள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார்; 1913-ல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது. அம்மோனியாவிலிருந்து உரம் செய்ததால், தழைச்சத்து (பயிருக்கு வேண்டிய நைட்ரஜன்) மூட்டையில் கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் பழைய நெட்டை ரகங்களுக்கு அதை அதிகம் போட்டால், பயிர் உயரமாக வளர்ந்து கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

அங்கேதான் குட்டை ரகங்கள் கைகொடுத்தன. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய கோதுமை ரகங்களும், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர்.8 நெல்லும் உரத்தை வாங்கிக்கொண்டு சாயாமல் நின்றன. தண்டு வளரப் போயிருக்கும் சத்து தானியத்துக்குப் போனது. 1970-ல் போர்லாக்கிற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விலையும் கொடுத்தோம். நிலத்தடி நீர் இறங்கியது. நூற்றுக்கணக்கான உள்ளூர் ரகங்கள் வயலை விட்டுப் போயின. பாசன வசதி உள்ளவர் முன்னேற, மானாவாரி விவசாயி பின்தங்கினார். பயறும் சிறுதானியமும் ஓரம் தள்ளப்பட்டன. பல கோடிப் பேரின் பசியை அது தீர்த்தது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விளைச்சல் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் மற்றவை கணக்கில் வராமல் போகும் என்பதையும் அதே வரலாறுதான் காட்டுகிறது.

தண்ணீர் விஷயத்தில் தொழில்நுட்பம் என்ன செய்யும்?

மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அதனால் இங்கே சிறிய மாற்றம்கூடப் பெரிய பலன் தரும்.

1960-களில் இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் வடிவமைத்த சொட்டுநீர்ப் பாசனம் இப்போது உலகமெங்கும் இருக்கிறது. வேருக்கு மட்டும் தண்ணீர் போகும், உரத்தையும் அதே குழாயில் கரைத்து விடலாம். காய்கறிக்கும் பழமரங்களுக்கும் மிகப் பொருத்தம். குழாய் அடைப்பைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் இரண்டே வருடத்தில் வீணாகிவிடும்.

நெல்லுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நம் விவசாயிகள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று சொல்வதுதான் அது. வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, இடையிடையே காயவிடலாம். ஆனால் எவ்வளவு காயவிடுவது? பயிர் வாடிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். அந்தப் பயத்தைத் தீர்ப்பது துளை போட்ட ஒரு குழாய். சுமார் 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். மண்ணுக்கு அடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது குழாய்க்குள் தெரியும். மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கினால் மறுபடி பாய்ச்சலாம். நட்ட புதிதிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். மண்ணுக்குள் காற்று புகுவதால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறுவதும் நன்றாகக் குறைகிறது.

இதில் யாரும் சரியாகப் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வயலில் மிச்சமான தண்ணீர் ஆற்றுக்கோ நிலத்தடிக்கோ திரும்பிப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மிச்சமானதை வைத்துக் கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தால் மொத்தத் தண்ணீர்ச் செலவு குறையவே குறையாது. அதோடு, பழைய முறையில் "வீணானது" என்று நினைத்த தண்ணீரில் ஒரு பகுதி பக்கத்துக் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்திருக்கும். சூரிய ஒளி பம்பு வந்த இடங்களிலும் இதே கவலைதான். ஓட்டச் செலவில்லாத பம்பை நிறுத்த யாருக்கு மனம் வரும்? கருவியோடு, எவ்வளவு எடுக்கலாம் என்ற ஊர்க் கட்டுப்பாடும் சேர்ந்து வர வேண்டும்.

ரசாயன உரத்தை நிறுத்திவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021-ல் இலங்கை பார்த்தது. அந்த ஆண்டு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. மாற்று உரம் தேவையான அளவு கையில் இல்லை. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பாடுபட்டவர்கள் நட்டப்பட்டுவிட்டார்கள்.

இதனால் இயற்கை வேளாண்மை தவறு என்று ஆகாது. மண் தேறுவதற்குப் பல பருவங்கள் வேண்டும், அதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம், போடும் தழைச்சத்தில் உலகச் சராசரியாகப் பாதிகூடப் பயிருக்குள் போவதில்லை. மீதி நிலத்தடி நீரிலும் காற்றிலும் கலக்கிறது. எனவே குறைக்க இடம் நிறைய இருக்கிறது. மண் பரிசோதனை செய்து போடுவது முதல் படி. நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது: பச்சை நிறத்தின் சில படிகள் அச்சிட்ட ஒரு சிறு பட்டை. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, குறிப்பிட்ட படியைவிட வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போட்டால் போதும். ட்ராக்டரில் பொருத்தும் சென்சார் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

புதிய விதைகள் உண்மையிலேயே வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குமா?

சில தாங்கும். எனக்கு மிகவும் பிடித்த கதை வெள்ளம் தாங்கும் நெல்லின் கதை.

சாதாரண நெல் தண்ணீரில் மூழ்கினால் மூச்சுக்குத் தவிப்பதுபோல் மேலே எழும்ப முயலும். இருக்கும் மாவுச்சத்தை எல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழித்துவிடும். தண்ணீர் வடியும்போது எழுந்து நிற்கத் தெம்பிருக்காது. ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து வந்த எஃப்.ஆர்.13ஏ என்ற நெல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்துக்கொண்டு காத்திருக்கும். இதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காட்டினார்கள். அதை விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்ட ஸ்வர்ணா ரகத்துக்குள் வழக்கமான இனக்கலப்பு முறையிலேயே கொண்டுவந்தார்கள். நாற்றிலேயே மரபணுவைச் சோதித்துப் பார்க்க முடிந்ததால் பல ஆண்டு வேலை மிச்சமானது. ஸ்வர்ணா-சப்1 என்ற பெயரில் 2009-ல் இந்தியாவில் வெளியான அந்த நெல், இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும். தாழ்வான, வெள்ளம் தேங்கும் நிலம் பெரும்பாலும் ஏழைகளிடம்தான் இருக்கும். அதனால் இதன் பலன் சேர வேண்டிய இடத்திலேயே சேர்ந்தது.

யாரும் பயிரிடாமல் கைவிட்டிருந்தால் அந்தப் பழைய ரகம் அழிந்திருக்கும். விதை வங்கிகள் இதற்காகத்தான் வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் 2008-ல் திறந்த விதைப் பெட்டகத்திலிருந்து முதன்முதலில் விதையைத் திரும்ப எடுத்தது 2015-ல். சிரியாவில் போர் நடந்ததால் அலெப்போ அருகே இருந்த விதை வங்கியைப் பயன்படுத்த முடியாமல் போனதே அதற்குக் காரணம்.

இது மரபணு மாற்றுப் பயிரா? பயப்பட வேண்டுமா?

மேலே சொன்னது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. நெல்லோடு நெல்லை இனக்கலப்புச் செய்ததுதான். வேறொரு உயிரின் மரபணுவைச் சேர்ப்பது மரபணு மாற்றம். உள்ளே இருப்பதையே திருத்துவது மரபணுத் திருத்தம்; அதற்கான கிரிஸ்பர் முறைக்கு 2020-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி, சரி என்றோ தப்பு என்றோ தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். உடல்நலத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது: இந்த விதை யாருக்குச் சொந்தம், விளைந்ததை எடுத்து அடுத்த வருடம் விதைக்கலாமா?

வயிறு நிறைந்தாலும் சத்துக் குறைவு இருக்கிறதே?

இருக்கிறது. அதற்கும் விதையில் ஒரு வழி உண்டு. வெள்ளைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிடும் பகுதிகளில், வைட்டமின் ஏ தரும் பீட்டா கரோட்டின் நிறைந்த ஆரஞ்சு நிறக் கிழங்கைப் பரப்பினார்கள். ஆப்பிரிக்காவில் இதற்கு உழைத்த மூவரும், சத்துச் செறிவூட்டிய பயிர்கள் என்ற திட்டத்தை வளர்த்த ஹோவர்த் பூயிஸும் 2016-ல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பழகிய சாப்பாட்டை மாற்றச் சொல்லாமல் அதன் ரகத்தை மட்டும் மாற்றியது இதன் பலம். ஆனாலும் பல வகைக் காய், பயறு, கீரைக்கு இது ஈடாகாது.

விளைந்த பிறகு வீணாவதைத் தடுக்க என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் முதல் பணத்தை இங்கேதான் போடச் சொல்வேன். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மதிப்பீட்டின்படி, அறுவடைக்கும் கடைக்கும் நடுவிலேயே உணவில் சுமார் 13 சதவீதம் போய்விடுகிறது. அதை விளைவிக்கத் தண்ணீர், உரம், உழைப்பு எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதைக் காப்பாற்றினால் ஒரு ஏக்கர்கூடக் கூடுதலாக உழாமல் உணவு கிடைக்கும்.

முதலில் காயவைப்பது. ஈரம் இருக்கும் தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மக்காச்சோளம், நிலக்கடலையில் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அடுத்து வண்டு. கேமரூனில் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் ஒரு சாக்கை உருவாக்கினார்கள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பைகள், வெளியே சாதாரணச் சாக்கு, அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்த பயறை நிரப்பி இறுக்கிக் கட்டினால், உள்ளே இருக்கும் வண்டுகள் சுவாசித்துச் சுவாசித்தே ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். காய்ந்த தானியத்தில் வாழும் பூச்சி தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன் உடலுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். அது தீர்ந்ததும் தின்பதை நிறுத்தி, வறண்டு சாகும். மருந்தே வேண்டாம்.

வண்டு அரித்துவிடுமே என்று அறுவடையானதும் கிடைத்த விலைக்கு விற்கும் குடும்பம், சில மாதம் கழித்து அதே தானியத்தை இரட்டை விலைக்கு வாங்க நேர்வதுண்டு. நல்ல சாக்கு இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. உணவும் மிச்சம், பேரம் பேசும் பலமும் கூடுகிறது.

காய், பழம், பால், மீனுக்குக் குளிர்பதனம் வேண்டும். மின்சாரம் நிலையாக இல்லாத இடங்களில் சூரிய சக்தியில் ஓடும் சிறு குளிர் அறைகளை, கூடைக்கு இவ்வளவு என்று நாள் வாடகைக்கு விடும் முறை நைஜீரியா போன்ற நாடுகளில் நடக்கிறது. தனி ஆள் வாங்க முடியாததைச் சந்தையே பொதுவாக வைத்துக்கொள்வது அது.

வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள் ஏழை விவசாயிக்கு எப்படி உதவும்?

1972-ல் அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை தொடங்கியது. இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் உலக நிலப்பரப்பை ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்கின்றன. படங்கள் இலவசம். எங்கே பயிர் வாடுகிறது என்பது அறுவடைக்குப் பல வாரம் முன்பே தெரிந்துவிடும்.

கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010 முதல் கால்நடைக் காப்பீட்டுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் பச்சை ஒரு அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு உண்டு. ஆள் வந்து செத்த மாட்டை எண்ண வேண்டியதில்லை. அளவுகோல் கரடுமுரடானது என்பதால், உண்மையில் நட்டப்பட்டவருக்குப் பணம் வராமல் போகும் சங்கடமும் இதில் உண்டு.

1984 எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-ல் அமெரிக்கா தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, மழை, பயிர், சந்தை விலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கிறது. 2025 தொடக்கத்தில் நிதி நின்றதும் அது சில மாதங்கள் முடங்கியது. செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

செல்போனால் ஏதாவது மாறியதா?

கேரளக் கடலோரத்தில் 1997-லிருந்து 2001 வரை செல்போன் வந்தபோது நடந்ததைப் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். அதற்கு முன்பு ஒரு கரையில் மீனை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள், சற்றுத் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காது. போன் வந்ததும் கடலிலிருந்தே விலை கேட்டு, தேவை இருக்கும் கரைக்குப் படகை விட்டார்கள். வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது.

இப்போது இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலிகளும் உள்ளன. ஆப்பிரிக்காவில் மரவள்ளிக்காக வந்த நூரு, இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இவை தப்பாகச் சொல்லவும் கூடும். செயலி சொன்னது என்பதற்காக உடனே மருந்தடிக்காமல், அனுபவப்பட்ட ஒருவரிடமும் காட்டிக்கொள்வது நல்லது.

ட்ரோன், ரோபோ, அடுக்குப் பண்ணை?

ட்ரோனில் மருந்து தெளித்தால், தெளிப்பவர் முதுகில் மருந்தைச் சுமந்து மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. அதுவே பெரிய நன்மை. களை எடுக்கும் ரோபோக்கள் பெரிய பண்ணைகளுக்கு ஏற்றவை. விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகப் பயிர் வைக்கும் பண்ணைகள் கீரை வகைக்குச் சரி. தானியத்துக்கு மின்செலவு கட்டாது.

சிறு விவசாயிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் 84 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. அவற்றின் கையில் இருப்பது விளைநிலத்தில் சுமார் 12 சதவீதம்தான், ஆனால் உலக உணவில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று சொல்லி வைத்தார்களே, அந்த நிலையில் இருப்பவரைக் கடன் வாங்கிக் கருவி வாங்கச் சொல்வது அநியாயம். பருவம் பொய்த்தால் கருவியும் போகும், நிலமும் போகும். வாடகைக்கு எடுக்கும் வசதி, குழுவாக வாங்குவது, பழுது பார்க்கப் பக்கத்திலேயே ஆள் இருப்பது ஆகிய மூன்றும் இருந்தால் கட்டுப்படியாகும்.

பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயலில் வேலை அவர்களுடையது, பட்டா பெரும்பாலும் அவர்கள் பெயரில் இல்லை. பட்டா இல்லாததால் கடன், மானியம், பயிற்சி எதுவும் எளிதில் வருவதில்லை. விவசாயத்தில் இந்த இடைவெளியை மூடினால் உணவுக்குத் திண்டாடுவோரில் 4.5 கோடிப் பேர் குறைவார்கள் என்று உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2023-ல் கணக்கிட்டது.

எங்கள் ஊர்க் குழு எதிலிருந்து தொடங்கலாம்?

கருவி விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன், போன பருவத்தில் எங்கே எவ்வளவு போனது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். வயலில் பூச்சியிலா, தண்ணீர் இல்லாமலா, களத்தில் நனைந்தா, வீட்டில் வண்டு அரித்தா, விலை விழுந்தா? பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். சேமிப்பில் நடக்கும் நட்டம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். எது அதிகமோ அதற்கான மலிவான வழியை ஐந்தாறு பேர் மட்டும், நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும், ஒரு பருவம் செய்து பாருங்கள். பக்கத்திலேயே பழைய முறையையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் எடை போட்டு எழுதுங்கள். அப்புறம் மற்றவர்களைக் கூட்டி வந்து வயலைக் காட்டலாம்.